கேலியின் இலக்கணம்: பொன்மலையில் ஊர்ப்பேச்சும் நட்புச் சீண்டலும்

1

பொன்மலை ஆர்மரி கேட் பக்கத்தில் ஒரு டீக்கடை. பதினைந்து வருடங்களுக்கு முன்னால், எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்த நாங்கள் மூன்று பேர், ரயில்வே பணிமனையில் அப்ரண்டிஸாக இருந்த நாலைந்து பேர், பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில் சேர்ந்துகொள்ளும் கல்லூரித் தோழிகள் சிலர் என்று ஒரு கூட்டம் சாயங்காலம் அங்கே கூடும். ஒரு நாள் திருநெல்வேலிக்கார நண்பன் ஒருவன் கோயம்புத்தூர்த் தோழியைப் பார்த்து, "ஏட்டி, டீ குடிக்கியா?" என்று கேட்டுவிட்டான். அவன் வீட்டில் அம்மா மகளை, அண்ணன் தங்கையைக் கூப்பிடுவது அப்படித்தான். இவள் காதில் விழுந்ததோ வெறும் 'டி'. முகம் சிவந்துவிட்டது. ஆனால் அவள் சண்டை போடவில்லை. தன் ஊர்ப்பேச்சை வேண்டுமென்றே இரண்டு மடங்கு இழுத்து, "ஏனுங்க, யாருக்குங்க ஏட்டி?" என்றாள். கடையே சிரித்தது.

மறுநாள் அவன் வந்து, "ஏனுங்கம்மிணி, டீ குடிக்கிறீங்ளா?" என்றான். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "குடிக்கேன்லே" என்றாள். டீ மாஸ்டர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "என்ன, ரெண்டு பேரும் ஊர மாத்திக்கிட்டீங்களா?" என்றார். எங்கள் எல்லோருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. அந்த இருவரும் ஒருவரிடம் ஒருவர் எதையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது ஊர்ப்பேச்சை மாற்றிக்கொண்டதிலேயே சொல்லியாகிவிட்டது. அது பிறகு காதலானதா இல்லையா என்பது இந்தக் கட்டுரைக்கு வேண்டாம்.

வேண்டியது இதுதான்: நண்பர்களுக்குள் நடக்கும் இந்தச் சீண்டல் ஏன் அடுத்தவர் ஊர்ப்பேச்சின் வழியாக நடக்கிறது? அதை விளையாட்டாக்குவது எது, காயமாக்குவது எது? வட்டார வழக்கு பற்றி நம் சிற்றிதழ்களில் நிறையப் பேசியிருக்கிறோம். பெரும்பாலும் நாவலில் வட்டார வழக்கு, சிறுகதையில் வட்டார வழக்கு என்றுதான். டீக்கடையில் அது என்ன வேலை செய்கிறது என்று பார்த்தது குறைவு.

இந்தச் செயலுக்குத் தமிழில் ஒற்றைச் சொல் கிடையாது. சரசம், சல்லாபம் என்று எழுதினால் நாடகக் கொட்டகை வாடை அடிக்கிறது. கேலி, கிண்டல், நக்கல், நையாண்டி எல்லாம் சிரிப்பைச் சொல்கின்றன, ஈர்ப்பைச் சொல்வதில்லை. சைட் அடிப்பது, டாவு, ஜொள்ளு, வழியறது எல்லாம் ஈர்ப்பைச் சொல்கின்றன. ஆனால் அவற்றில் ஒருவர்தான் செய்கிறார், மற்றவர் செய்யப்படுகிறார். 'கடலை போடுறது' ஒன்றில்தான் இரண்டு பேரும் உட்கார்ந்து கொறிக்கிறார்கள். பொதுவாக இந்தக் கட்டுரையில் 'சீண்டல்' என்றே சொல்கிறேன். தீண்டலுக்குப் பக்கத்தில் நிற்கும் சொல், தீண்டாமல் செய்யும் காரியம்.

2

பொன்மலை இதற்குப் பொருத்தமான இடம். தஞ்சாவூர் போலவோ மதுரை போலவோ இங்கே 'இந்த ஊர்ப் பேச்சு' என்று பழமையான ஒன்று இல்லை. ஊரே பணிமனையோடு உண்டானது. தென்னிந்திய ரயில்வே கம்பெனி நாகப்பட்டினம், போத்தனூர், திருச்சி ஆகிய இடங்களில் இருந்த பணிமனைகளின் வேலையைப் பொன்மலையில் ஒன்றாகச் சேர்க்கத் தீர்மானித்ததையும் அதனோடு வந்த ஆட்குறைப்பையும் எதிர்த்துத்தான் 1928 ஜூலையில் அந்தப் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் அதற்காகச் சிறை சென்றார்கள். இந்த வரலாறு நமக்குத் தொழிற்சங்க வரலாறாகத் தெரியும். அது பேச்சின் வரலாறும்தான். நாகப்பட்டினத்துக் கடற்கரைப் பேச்சும் போத்தனூர்க் கொங்குப் பேச்சும் ஒரே குவார்ட்டர்ஸ் வரிசையில் பக்கத்துப் பக்கத்து வீடானது அப்போதுதான். அதோடு தெலுங்கு பேசுபவர்கள், மலையாளிகள், ஆங்கிலோ இந்தியர்கள். ஷாப், சார்ஜ்மேன், கலாசி, ஃபிட்டர், பாஸ், டூட்டி என்று எல்லா வீட்டுக்கும் பொதுவான ஒரு சொற்குவியல். நேரத்துக்கு ஒலிக்கும் பணிமனைச் சங்கு.

1946 செப்டம்பர் 5 அன்று மலபார் ஸ்பெஷல் போலீஸ் சுட்டதில் 5 தொழிலாளர்கள் இங்கே இறந்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் நினைவுக்கூட்டம் நடக்கிறது. மேடையில் பேசப்படுவது எழுத்துத் தமிழ். கூட்டம் முடிந்து திடலை விட்டு வெளியே வந்ததும் ஒவ்வொருவரும் அவரவர் ஊர்ப்பேச்சுக்குத் திரும்பிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு மணி நேரம் சும்மா நடந்தால் போதும், தமிழ்நாட்டுப் பேச்சில் பாதி காதில் விழும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கம்: சாத்தமுது, திருக்கண்ணமுது, 'ஆத்துல இருக்கா' என்று வேறொரு செவிப்புலம். அங்கேயும் மாலை கட்டுபவர்கள், வாழைத்தோட்டக்காரர்கள், ஆட்டோக்காரர்கள் எல்லாம் இருக்கிறார்கள். ஆனால் 'ஸ்ரீரங்கத்துப் பாஷை' என்று நாங்கள் நடித்துக் காட்டியது ஐயங்கார் வீட்டுப் பேச்சை மட்டும்தான். ஓர் ஊரின் பெயரால் ஒரு சாதியின் பேச்சை எப்படிக் கேட்கப் பழகியிருக்கிறோம் என்பதற்கு இது சின்ன உதாரணம்.

3

சீண்டலுக்கு அடிப்படைத் தேவை மறுக்க முடிவது. 'நான் அந்த அர்த்தத்துல சொல்லல' என்று எந்த நிமிடமும் பின்வாங்க வழி இருக்க வேண்டும். வழி இல்லாவிட்டால் அது விண்ணப்பமாகவோ தொந்தரவாகவோ ஆகிவிடும். அடுத்தவர் ஊர்ப்பேச்சு இந்த வழியைத் தருகிறது. நெல்லைக்காரன் கொங்குப் பேச்சில் 'அம்மிணி' என்றபோது பேசியது அவனா, அவன் நடித்த கோயம்புத்தூர்க்காரனா? அவள் கோபப்பட்டிருந்தால், 'சும்மா உங்க ஊரு மாதிரி பேசிப் பாத்தேன்' என்று சொல்லியிருக்கலாம். முகமூடி போட்டுக்கொண்டால் முகத்தில் இருப்பதைக் கொஞ்சம் தைரியமாகச் சொல்லலாம். தெருக்கூத்துக் கட்டியங்காரனுக்கு இது தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒருவர் பேச்சைத் திருப்பிப் பேசிக் காட்ட வேண்டுமானால் அதை முதலில் கூர்ந்து கேட்டிருக்க வேண்டும். அவள் எங்கே 'ங்' என்று நிறுத்துகிறாள், 'என்ற ஊட்டுல' என்பதை எப்படிச் சொல்கிறாள் என்று நாள்கணக்கில் காது கொடுத்தவன்தான் அதைச் சரியாகப் பேச முடியும். 'உன்னைக் கவனிக்கிறேன்' என்பதை இதைவிடக் கண்ணியமாகச் சொல்ல வேறு வழி அந்த வயதில் எங்களுக்குத் தெரியவில்லை. தப்பாகப் பேசினாலும் நல்லதுதான். திருத்துவதற்காக அவள் இன்னும் கொஞ்ச நேரம் நிற்பாள்.

ஆனால் எல்லோரும் இப்படிக் கேட்பதில்லை. பல நேரம் நாம் நடிப்பது நண்பனின் பேச்சை அல்ல, சினிமா கற்றுத்தந்த ஊரை. 'சதிலீலாவதி' (1995) வந்ததிலிருந்து கொங்குப் பேச்சு என்றாலே கோவை சரளா. மதுரை என்றால் வடிவேலு. தமிழ் சினிமாவில் வெகுகாலம் காதலிப்பவர்கள் ஊரற்ற ஒரு பொதுப்பேச்சில் காதலித்தார்கள். ஊர்ப்பேச்சு பக்கத்தில் நிற்கும் நகைச்சுவைப் பாத்திரத்துக்கு ஒதுக்கப்பட்டது. எந்தப் பேச்சில் காதல் செய்யலாம், எந்தப் பேச்சு சிரிப்புக்கு மட்டும் என்ற பாகுபாடு அப்படியே நம் காதுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. கி. ராஜநாராயணன் கரிசல் வழக்குச் சொற்களை 1982இல் அகராதியாக்கியதையும், பெருமாள்முருகன் கொங்கு வட்டாரச் சொல்லகராதியை 2000இல் கொண்டுவந்ததையும் நாம் சொல் சேகரிப்பாக மட்டும் பார்க்கக் கூடாது. சிரிப்புக்கு ஒதுக்கப்பட்ட பேச்சை வாழ்க்கை முழுவதற்குமான பேச்சாக மீட்டெடுக்கும் வேலை அது. சண்முகசுந்தரம் 1942இல் 'நாகம்மாள்' எழுதியபோதே அந்த வேலை தொடங்கிவிட்டது.

4

சீண்டலில் இரண்டு பேர் மட்டும் இருப்பதாக நினைப்பது தவறு. ஃபிராய்டு நகைச்சுவை பற்றி 1905இல் எழுதிய நூலில் பாலியல் கேலியைப் பற்றி ஒன்று சொல்கிறார். அது முதலில் ஒரு பெண்ணை நோக்கித்தான் புறப்படுகிறது. ஆனால் அங்கே இன்னொரு ஆண் வந்ததும் அது அவனுக்காகச் சொல்லப்படுவதாக மாறிவிடுகிறது. பெண் வெறும் பொருளாகிறாள். சிரிப்பைப் பெற்றுக்கொள்பவன் மூன்றாமவன். எங்கள் டீக்கடையை இப்போது திரும்பிப் பார்க்கும்போது, நான் தோழிகளை நோக்கிச் சொன்ன கேலிகளில் எத்தனை அவர்களுக்காக, எத்தனை பின்னால் உட்கார்ந்திருந்த பையன்களுக்காக என்று எண்ணினால் கணக்கு எனக்குச் சாதகமாக இல்லை.

நம் அகமரபிலும் மூன்றாமவர் உண்டு, வேறு விதமாக. தலைவனிடம் வாயாடுபவள் தலைவியல்ல, தோழி. கோவை நூல்களின் சேட்படைத் துறைகளில் தலைவன் தழையோடு வந்து நிற்பான், தோழி ஏதாவது காரணம் சொல்லித் தள்ளி நிறுத்துவாள். சீண்டும் உரிமை பெண்ணின் பக்கம் இருக்கிறது. ஆனால் அங்கே ஊர்ப்பேச்சு இல்லை. குறிஞ்சித் தோழியும் நெய்தல் தோழியும் ஒரே செய்யுள் மொழியில்தான் பேசுகிறார்கள். நிலம் மாறுகிறது, பூ மாறுகிறது, தெய்வம் மாறுகிறது, பேச்சு மட்டும் மாறுவதில்லை.

மானிடவியலில் 'கேலி உறவு' என்று ஒன்றைச் சொல்வார்கள். ராட்கிளிஃப் பிரவுன் 1940இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரை பிரசித்தம்: ஒருவர் மற்றவரைக் கேலி செய்யலாம், கேலி செய்யப்பட்டவர் கோபித்துக்கொள்ளக் கூடாது என்ற அனுமதியுள்ள உறவு. நமக்கு இது புத்தகத்திலிருந்து வரவேண்டியதில்லை. மாமன் மகள், அத்தை மகன், கொழுந்தியா, மச்சான் என்று 'முறை' உள்ளவர்களுக்குள் கேலிக்கு உரிமை உண்டு. பங்காளி வீட்டில் கிடையாது. யாரைக் கட்டிக்கொள்ளலாமோ அவரைக் கேலி செய்யலாம் என்பதுதான் சூத்திரம்.

இப்போது நண்பர்கள் ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். மாப்ள, மச்சான், மச்சி. எல்லாம் முறைச்சொற்கள். அந்தச் சொல்லைச் சொன்னதுமே கேலி உரிமை கைமாறிவிடுகிறது. பொன்மலை டீக்கடையில் எல்லாச் சாதிப் பையன்களும் ஒருவருக்கொருவர் மாப்ளதான். அதில் ஒரு ஜனநாயகம் இருக்கிறது என்று நான் வெகுகாலம் நம்பினேன். ஆனால் மாப்ள என்று கூப்பிடலாம், மாப்பிள்ளை ஆக முடியாது என்பதுதான் நிலவரம். சொல் அனுமதிப்பதை ஊர் அனுமதிப்பதில்லை. 2015 ஜூனில் திருச்செங்கோடு கோயிலில் கோகுல்ராஜ் என்ற தலித் இளைஞர் தன்னோடு படித்த வேறு சாதித் தோழியோடு பேசிக்கொண்டிருந்தார். கடத்தப்பட்டார், கொல்லப்பட்டு ரயில் தண்டவாளத்தில் போடப்பட்டார். 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. ஒரு ஆணும் பெண்ணும் நண்பர்களாக நின்று பேசுவதற்கு இந்த மண்ணில் விலை என்ன என்பதை மறந்துவிட்டு, சீண்டலைப் பற்றி அழகியலாக மட்டும் எழுதுவது அயோக்கியத்தனம்.

5

அதிகாரம் பேச்சின் பொருளில் மட்டும் இருப்பதில்லை, வினைமுற்றிலேயே இருக்கிறது. திருச்சிப் பக்கம் 'வந்தாப்ல' என்று ஒரு வடிவம் உண்டு. 'தம்பி சாப்ட்டாப்லயா?', 'மாப்ள நேத்தே வந்துட்டாப்ல.' 'வந்தான்' என்றால் மட்டம் தட்டியதாகும். 'வந்தாரு' என்றால் தூரம் வந்துவிடும். இரண்டுக்கும் நடுவில், கூட இருப்பவன், ஏறத்தாழச் சமமானவன் என்பதைச் சொல்லும் விகுதி இது. இலக்கண நூல்களில் இடம் பெறாத சமத்துவம். வெளியூரிலிருந்து வந்த அப்ரண்டிஸ் பையன்கள் முதலில் கேலி செய்தது இதைத்தான், மூன்று மாதத்தில் முதலில் ஒட்டிக்கொண்டதும் இதுதான்.

ஆனால் இது ஆண்களுக்கு மட்டும். ஒரு தோழியைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் 'வந்தாங்க' என்று மரியாதையாகத் தள்ளி வைக்கலாம். 'வந்தா' என்று கீழே இறக்கலாம். 'அந்தப் புள்ள வந்துச்சு' என்று அஃறிணையாக்கலாம். கடைசி வடிவத்தில் அன்பு இருக்கிறது என்பார்கள். இருக்கலாம். கன்றுக்குட்டிக்கும் அதே விகுதிதான். ஆக, பெண்ணை மதிக்கலாம், அதட்டலாம், கொஞ்சலாம். சமமாக வைத்துப் பேச எங்கள் ஊர்ப் பேச்சில் ஒரு விகுதி இல்லை. நண்பர்கள் கூட்டத்தில் பெண்ணின் இடம் எப்போதும் கொஞ்சம் ஆடிக்கொண்டே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 'ஏட்டி' என்ற ஒரு சொல்லுக்குத் தோழியின் முகம் சிவந்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நெல்லையில் அது உறவு, திருச்சியில் கேட்கும்போது இறக்கம். சொன்னவனின் ஊர் எது, கேட்டவளின் ஊர் எது என்று தெரியாமல் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொல்லவே முடியாது.

6

இதில் எங்களுக்கு, அதாவது திருச்சிக்காரர்களுக்கு, ஒரு சௌகரியம் இருந்தது. எங்கள் பேச்சை யாராலும் அவ்வளவு சுலபமாக நடித்துக் காட்ட முடியவில்லை. 'வந்தாப்ல'வைத் தவிரப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. 'நீங்க பேசுறது நார்மல் தமிழ்ப்பா' என்பார்கள். இந்த 'நார்மல்' எங்கிருந்து வந்தது?

தொல்காப்பியம் செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரண்டு நிலங்களின் சொற்களைத் திசைச்சொல் என்கிறது. அந்தச் செந்தமிழ் நிலம் எது என்று உரையாசிரியர்கள் எல்லை போட்டார்கள்: வைகைக்கு வடக்கு, மருத ஆற்றுக்குத் தெற்கு, கருவூருக்குக் கிழக்கு, மருவூருக்கு மேற்கு. வரைபடத்தில் போட்டுப் பாருங்கள், திருச்சி உள்ளே வந்துவிடும். நெல்லையும் கோவையும் காஞ்சியும் வெளியே. இந்த எல்லையை மறுத்த உரையாசிரியரும் உண்டு. ஆனால் ஒரு நடுவும் சுற்றிலும் திசைகளும் என்ற படம் மட்டும் அழியவில்லை. நடுவில் இருப்பவனுக்கு உச்சரிப்பு கிடையாது, திசையில் இருப்பவனுக்குத்தான் உண்டு. 1939இல் திருச்சி வானொலி நிலையம் வந்தது. பேச்சுத் தமிழுக்கு இலக்கணம் எழுதிய ஹெரால்ட் ஷிஃப்மன் போன்ற மொழியியலாளர்களும் திருச்சி, தஞ்சை, மதுரைப் பக்கத்துப் படித்த, பிராமணரல்லாதார் பேச்சைத்தான் பொதுப்பேச்சுக்கு அடிப்படையாகக் கண்டார்கள். 'படித்த' என்ற அடைமொழியைக் கவனிக்க வேண்டும். திருச்சிக்குள்ளேயே சேரிப் பேச்சு அந்த நடுவுக்குள் வராது.

அதனால் எங்கள் கூட்டத்தில் கேலியின் வரைபடம் இப்படி இருந்தது. ஐயங்கார் பேச்சை எல்லோரும் நடித்தோம். அதற்குரியவர்களும் சிரித்தார்கள், அவர்களுக்கு அதனால் எதுவும் குறையவில்லை. நெல்லையும் கொங்கும் பரஸ்பரம் நடித்துக்கொண்டன. சேரிப் பேச்சை நடித்தபோது மட்டும் அந்தப் பேச்சுக்குரிய நண்பன் எழுந்து சிகரெட் வாங்கப் போய்விடுவான். இரண்டு மூன்று தடவை போனபிறகுதான் எங்களில் ஒருவருக்கு உறைத்தது. அவன் திருப்பி எங்களை நடித்துக் காட்டியிருக்கலாமே என்று கேட்பது எளிது. நடுவில் இருக்கும் பேச்சை நடித்துக் காட்டினால் அது கேலியாகாது, 'இவனும் நல்லா பேசுறானே' என்று பாராட்டாகிவிடும். திருப்பி அடிக்க அவனுக்கு எங்கள் பேச்சில் இடமே வைத்திருக்கவில்லை.

இது தமிழுக்கு மட்டும் வாய்த்த வியாதியல்ல. சோமாலியாவில் 1972இல் சோமாலி மொழி லத்தீன் எழுத்தில் அரசுமொழி ஆனது. அந்த எழுத்து வழக்குக்கு அடிப்படையாக அமைந்தது 'மஹா' எனப்படும் பேச்சு வகை. ஜூபா, ஷபெல்லே என்ற இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட தெற்குப் பகுதியில் பேசப்படும் 'மாய்' வெளியே நின்றது. இந்த இரண்டு பெயர்களும் வேறொன்றுமில்லை, அந்தந்தப் பேச்சில் 'என்ன' என்று கேட்பதற்கான சொல். நம் ஊரில் 'இன்னா'க்காரன், 'ஏனுங்க'க்காரன், 'என்னலே'க்காரன் என்று சொல்வது போல. மஹாவில் தொண்டைக்குள்ளிருந்து எழும் சில ஒலிகள் மாயில் கிடையாது. 'என்ன' என்று வாயைத் திறந்ததுமே ஊர் தெரிந்துவிடும். ஒரே கேள்விச் சொல்லின் ஒரு வடிவம் பாடப்புத்தகத்துக்குப் போகிறது, இன்னொரு வடிவம் வெளியே நிற்கிறது.

7

இனி என் குற்றத்தைச் சொல்ல வேண்டும்.

பொன்மலையிலிருந்து கொட்டப்பட்டு பக்கம்தான். அங்கே இருக்கும் ஈழ அகதிகள் முகாமிலிருந்து எங்களோடு ஒரு தோழி படித்தாள். குடும்பம் 1990க்குப் பிறகு வந்தது. அவள் 'ஆமாம்' என்பதற்கு 'ஓம்' என்பாள். பேசுவது அவளுக்குக் 'கதைக்கிறது'. அழகு 'வடிவு'. கேலிக்குப் 'பகிடி'. தன் தோழிகளைப் 'பெட்டையள்' என்று அவள் சொன்ன முதல் நாள் வகுப்பே திகைத்துவிட்டது. எங்கள் பக்கம் பெட்டை என்பது கோழிக்கு, கழுதைக்கு. எனக்கு அவளைப் பிடித்திருந்தது. எனக்குத் தெரிந்த வழியில் அதைத் தெரிவித்தேன். அவள் வரும்போதெல்லாம், "ஓம் ஓம், எப்ப கதைப்பியள்?" என்பேன். பையன்கள் சிரிப்பார்கள். முதல் சில நாள் அவளும் சிரித்தாள். பிறகு ஒரு மாதத்துக்குள் அவள் எங்களைப் போலவே பேச ஆரம்பித்துவிட்டாள். 'ஆமாப்பா', 'சொல்லு', 'வந்தாப்ல' எல்லாம் சுத்தமாக. 'நம்ம ஊர்ப் பொண்ணாவே ஆயிட்டே' என்று நான் பெருமையாகச் சொன்னது நினைவிருக்கிறது.

பல வருடங்களுக்குப் பிறகு ஒரு நாள் சொன்னாள். அவள் அம்மா சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்திருந்தாராம்: முகாமுக்கு வெளியே 'ஓம்' சொல்லாதே, 'கதை' சொல்லாதே. 1991இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு வந்த சந்தேக நாட்களில் வாயைத் திறந்தாலே யார் என்று தெரிந்துவிடும் என்ற பயம். கல்லூரியில் நண்பர்கள் கிடைத்தபிறகுதான் வீட்டுப்பேச்சை வெளியே கொண்டுவரலாம் என்று அவளுக்குத் துணிச்சல் வந்திருக்கிறது. "நீ பகிடிக்குத்தான் செஞ்சே, எனக்குத் தெரியும். ஆனா எனக்கு அது சோதனைச் சாவடி மாதிரி இருந்தது" என்றாள்.

அவள் மிகைப்படுத்தவில்லை. பைபிளில் நியாயாதிபதிகள் நூலில் 'ஷிபோலேத்' என்று சொல்லச் சொல்லி, 'சிபோலேத்' என்றவனை வெட்டிய கதை இருக்கிறது. 1983 ஜூலையில் கொழும்புத் தெருக்களில் அது கதையாக இல்லை. வாளியைக் குறிக்கும் 'பால்திய' என்ற சிங்களச் சொல்லைச் சொல்லச் சொல்லி, முதல் எழுத்தில் தடுமாறியவர்களைத் தமிழர் என்று பிரித்தெடுத்ததைத் தப்பி வந்தவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். ஒரே செயல்தான்: ஒருவரின் வாயைக் கவனித்து, அவர் ஊரைக் கண்டுபிடிப்பது. டீக்கடையில் அது 'உன்னைக் கவனிக்கிறேன்' என்பது. சாவடியிலும் அது 'உன்னைக் கவனிக்கிறேன்' என்பதுதான். இரண்டையும் பிரிப்பது எது?

8

எனக்குப் பதில் பழைய உரையொன்றில் கிடைத்தது. நகை பிறக்கும் இடங்களில் முதலாவதாகத் தொல்காப்பியம் எள்ளலை வைக்கிறது. அதற்கு உரை சொல்லும் பேராசிரியர் எள்ளலை இரண்டாகப் பிரிக்கிறார்: பிறரை எள்ளி நாம் சிரிப்பது ஒன்று, பிறர் நம்மை எள்ளும்போது நாமே சிரிப்பது இன்னொன்று. பாடத்தில் படித்தபோது இது உரைகாரர் வழக்கமாகச் செய்யும் பாகுபாடு என்று தாண்டிப் போய்விட்டேன். இப்போது பார்த்தால் மொத்த விஷயமும் அதில்தான் இருக்கிறது. முதலாவது மட்டும் நடக்கும் இடம் சாவடி. இரண்டும் மாறிமாறி நடக்கும் இடம் நட்பு. பக்தீன் திருவிழாச் சிரிப்பு சிரிப்பவனையும் சேர்த்துக்கொள்ளும் என்று சொன்னதும் இதற்குப் பக்கத்தில் வரும்.

ஆக, ஊர்ப்பேச்சைக் கேலி செய்யலாமா கூடாதா என்பது கேள்வியல்ல. கேலி செய்யப்பட்டவரால் அதைத் திருப்பித் தர முடிகிறதா என்பதுதான் கேள்வி. நெல்லைக்காரனின் 'அம்மிணி'க்கு அவளிடம் 'லே' இருந்தது. என் 'ஓம்'முக்கு ஈழத்துத் தோழியிடம் எதுவும் இல்லை. என் பேச்சு நார்மல், அவள் பேச்சு அடையாளம். அவளால் முடிந்த ஒரே பதில் தன் பேச்சைத் தொலைப்பது. அதை நான் என் வெற்றியாக எடுத்துக்கொண்டேன்.

தோழர்கள் இதை நம் கூட்டங்களுக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும். 1998 ஜூலையில் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி துன்புறுத்தலில் உயிரிழந்தபின் அந்த ஆண்டே 'ஈவ் டீசிங்' தடைச் சட்டம் வந்தது. பிறகு சட்டத்தின் பெயரில் 'கேலி' என்பது போய் 'துன்புறுத்தல்' என்று ஆனது. பெயரை மாற்றியது சரி. கேலி என்ற சொல்லுக்குள் துன்புறுத்தல் வெகுகாலம் ஒளிந்துகொண்டிருந்தது. ஆனால் சட்டம் தெருவுக்கு. தெருவைவிட நெருக்கமான இடங்களுக்கு, அறைக்கூட்டத்துக்கு, பத்திரிகை வேலைக்கு, டீக்கடைக்கு நாம்தான் இலக்கணம் எழுத வேண்டும். 'தோழர்' என்ற சொல் ஆண், பெண், ஊர், சாதி எதையும் காட்டாதது என்று பெருமைப்படுகிறோம். உண்மைதான். ஆனால் கூட்டம் முடிந்து தேநீர் வந்ததும் எந்தத் தோழரின் உச்சரிப்பை நடித்துக் காட்டுகிறோம், எந்தத் தோழரின் உச்சரிப்பை ஒருபோதும் நடிப்பதில்லை, எந்தத் தோழர் அந்த நேரத்தில் சிகரெட் வாங்கப் போகிறார் என்று ஒரு மாதம் கவனித்துப் பார்க்கலாம். அமைப்பின் வர்க்க, சாதிப் பகுப்பாய்வை எழுத வேறு தரவு தேவைப்படாது.

இதற்காகக் கேலியே வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லோரும் எல்லோரையும் 'நீங்கள்' என்று அழைத்துக்கொண்டு எழுத்துத் தமிழில் பேசும் இடத்தில் பிழை இருக்காது, நட்பும் இருக்காது. அந்த டீக்கடையில் எனக்குக் கிடைத்தது எதையும் நான் இழக்கத் தயாராக இல்லை. ஆனால் கேலி செய்பவன் முதலில் தன் பேச்சுக்கும் ஓர் ஊர் உண்டு, அதுவும் ஒரு திசைதான் என்று ஒப்புக்கொண்டு, பிடித்துக்கொள்ள ஒரு நுனியை மற்றவர் கையில் கொடுக்க வேண்டும்.

சென்ற வருடம் பொன்மலைச் சந்தையில் காய் வாங்கிக்கொண்டிருந்தேன். பணிமனையில் வேலை பார்க்கும் இரண்டு இளம்பெண்கள் பக்கத்தில் நின்று தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது ஒருத்தி தூரத்தில் வருவதைப் பார்த்து ஒருத்தி சொன்னாள்: "அந்தா, நம்ம ஃபிட்டரம்மா வந்துட்டாப்ல." மற்றவள் சிரித்தாள். வந்தவளும் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "ஏன், நீ மட்டும் காலைல லேட்டா வந்தாப்லயே, அத யாரு சொல்றது?" என்று திருப்பிக் கேட்டாள். இலக்கணப்படி அது இரட்டைப் பிழை. 'வந்தாப்ல' பெண்ணுக்கு வராது, முன்னால் நிற்பவளுக்கும் வராது. நான் தக்காளியை எடைபோடச் சொல்ல மறந்து நின்றேன்.